இன்சென்டிவைக் கூட்டுவதா, பயிற்சி கொடுப்பதா?

கேள்வி: வீட்டு உபயோக இயந்திரங்களைப் பழுது பார்க்கும் சர்வீஸ் பிரிவு ஒன்றுக்கு மேலாளராக இருக்கிறேன். என் பொறுப்பில் 26 டெக்னீஷியன்கள் வேலை செய்கிறார்கள். முடித்துக்கொடுக்கும் ஒவ்வொரு புகாருக்கும் இன்சென்டிவ் என்று ஆறு மாதத்துக்கு முன் அறிவித்தோம். முதல் இரண்டு மாதம் எண்ணிக்கை நன்றாக ஏறியது. இப்போது அதே வாடிக்கையாளர்கள் அதே பழுதுக்காகத் திரும்ப அழைக்கிறார்கள். வேலை முடியாமலே ‘முடிந்தது’ என்று பதிவு செய்வதும் நடக்கிறது. எங்களிடம் இருப்பவர்களிலேயே கைதேர்ந்த சீனியர் ஒருவர், இரண்டு வருட அனுபவம்கூட இல்லாதவர்கள் தன்னைவிட அதிகம் வாங்குகிறார்கள் என்று மனம் நொந்து வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்கிறார். அவரைச் சூப்பர்வைசர் ஆக்கிவிடலாம் என்கிறது நிர்வாகம். புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெறுபவர்களோ டார்கெட்டைப் பார்த்தே மிரள்கிறார்கள். மாதா மாதம் யார் எத்தனை முடித்தார்கள் என்ற பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். கடைசிப் பத்துப் பேரிடம் அதனால் எந்த மாற்றமும் தெரியவில்லை. அடுத்த ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். இன்சென்டிவைக் கூட்டலாம், அல்லது பயிற்சிக்குச் செலவிடலாம், இரண்டில் ஒன்றுதான். எதைத் தேர்ந்தெடுப்பது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நேராகவே சொல்கிறேன். இன்சென்டிவைக் கூட்டாதீர்கள். ஒதுக்கிய பணம் பயிற்சிக்குப் போகட்டும். ஆனால் 26 பேரையும் ஒரு ஹாலில் உட்காரவைத்து இரண்டு நாள் வகுப்பு நடத்துவதில் அது கரைந்துவிடக் கூடாது. அதோடு, இப்போது கொடுத்துவரும் இன்சென்டிவைக் கணக்கிடும் முறையை நீங்கள் மாற்றியாக வேண்டும். அதற்குக் கூடுதல் பணம் தேவையில்லை; நிர்வாகத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும். இந்த இரண்டையும் செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிலில் அதிகம் பேசப்போகிறேன்.

வேலையில் ஒருவர் காட்டும் செயல்பாடு, அவருடைய திறமையையும் ஊக்கத்தையும் பெருக்கினால் கிடைப்பது என்று 1964-இல் விக்டர் வ்ரூம் என்ற உளவியலாளர் விளக்கினார். கூட்டல் அல்ல, பெருக்கல் என்பதுதான் இதில் முக்கியம். கூட்டலாக இருந்தால் திறமையில் இருக்கும் குறையை ஊக்கத்தால் ஈடுகட்டிவிடலாம். பெருக்கலில் அது நடக்காது. வேலை தெரியாதவருக்கு எவ்வளவு பணம் காட்டினாலும் விடை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். வேலை நன்றாகத் தெரிந்தவருக்கு மனம் விட்டுப்போயிருந்தால், இன்னொரு பயிற்சி வகுப்பு ஒன்றையும் கூட்டித் தராது. 1982-இல் மெல்வின் ப்ளம்பெர்க், சார்ல்ஸ் பிரிங்கிள் என்ற இரு ஆய்வாளர்கள் இதில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: வாய்ப்பு. சரியான கருவி, உதிரி பாகம், தகவல், நேரம் ஆகிய எல்லாமே அதில் அடக்கம். திறமையும் ஊக்கமும் உள்ளவரிடம் ஸ்பேர் இல்லையென்றால் அவரும் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது இதுதான்: 26 பேருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்திருக்கிறீர்கள். இப்போது அந்த மருந்தின் அளவைக் கூட்டலாமா, வேறு மருந்துக்கு மாறலாமா என்று கேட்கிறீர்கள். யாருக்கு எந்த நோய் என்று இன்னும் பார்க்கவில்லை.

எப்படிப் பார்ப்பது? கடந்த மூன்று மாதத்தில் திரும்பி வந்த புகார்களை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று குவியலில் ஒன்றில் போடுங்கள்: செய்யத் தெரியவில்லை, தெரிந்தும் செய்யவில்லை, செய்ய வழியில்லை. உங்கள் துறையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று புகார் வருகிறது. போனவர் கேஸ் குறைந்திருப்பதைப் பார்த்து நிரப்பிவிட்டு வந்துவிடுகிறார். சில வாரம் கழித்து அதே வீட்டிலிருந்து அதே புகார். மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் தானாகக் குறையாது. எங்கோ கசிவு இருக்கிறது. நைட்ரஜன் விட்டுப் பிரஷர் டெஸ்ட் செய்து, கசிவைக் கண்டுபிடித்து, பற்றவைத்து, வேக்குவம் போட்டு, அதற்குப் பிறகுதான் கேஸ் நிரப்ப வேண்டும். அவர் ஏன் அப்படிச் செய்யவில்லை?

அவருக்குப் பிரேசிங் (குழாயைப் பற்றவைக்கும் வேலை) சரியாக வராமல் இருக்கலாம். அப்படியானால் அது முதல் குவியல். எல்லாம் தெரியும், ஆனால் முறைப்படி செய்ய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், வெறுமனே நிரப்ப அரை மணி போதும், இரண்டுக்கும் ஒரே இன்சென்டிவ்தான் என்றால் அது இரண்டாவது குவியல். அவருக்குக் கொடுத்த கிட்டில் நைட்ரஜன் சிலிண்டரே இல்லை, அல்லது ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று ஏற்கெனவே போட்டுக்கொடுத்த அட்டவணையில் மூன்று மணி நேர வேலைக்கு இடமே இல்லை என்றால் அது மூன்றாவது. வெளியிலிருந்து பார்க்க மூன்றும் ஒரே தவறுதான்: கேஸ் மட்டும் நிரப்பினார். முதலாவதுக்குப் பயிற்சி, இரண்டாவதுக்கு இன்சென்டிவ் கணக்கில் மாற்றம், மூன்றாவதுக்கு நீங்களும் ஸ்டோரும் செய்ய வேண்டிய வேலை. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றுக்குக் கொடுத்தால் பணமும் போகும், அவருடைய நம்பிக்கையும் போகும்.

முதல் இரண்டு குவியலைப் பிரிப்பதில் குழப்பம் வரும். பயிற்சித் துறையில் ராபர்ட் மேகர் பிரபலமாக்கிய கேள்வி ஒன்று இங்கே உதவும்: உயிரே இதில்தான் இருக்கிறது என்றால் இவரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் பிரச்சினை திறமையில் இல்லை, அவரைப் பயிற்சிக்கு அனுப்புவது வீண். முடியாது என்றால் திட்டுவதும் வீண், பரிசு காட்டுவதும் வீண்.

பதிவேட்டைப் பார்த்தாலும் சில தடயங்கள் கிடைக்கும். ஒரே ஆள், ஒரே வகைப் பழுது, மாதத்தின் எந்தத் தேதியிலும் திரும்பி வருகிறது என்றால் பெரும்பாலும் தெரியாமல் செய்கிறார். ஒரே ஆள், பல வகைப் பழுது, மாதக் கடைசி வாரத்தில் முடித்தவை மட்டும் திரும்புகின்றன என்றால் டார்கெட் அவரை விரட்டியிருக்கிறது. ஒரே மாடல், யார் போனாலும் திரும்புகிறது என்றால் ஸ்பேரிலோ அந்த மாடலுக்கான வழிகாட்டியிலோ கோளாறு. இந்தப் பிரிப்பு வேலையைத் தனியாகச் செய்ய வேண்டாம். அந்தச் சீனியரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். டெக்னீஷியனிடம் பேசுவது விசாரணை போல ஆகிவிடக் கூடாது. “ஏன் செய்யவில்லை?” என்று கேட்டால் ‘மறந்துவிட்டேன்’ என்ற பதில்தான் கிடைக்கும். “அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்” என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

இனி இன்சென்டிவுக்கு வருகிறேன். பணம் வேலை செய்யாது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் நான் இல்லை. உங்கள் பிரிவைப் போன்றே ஓர் இடத்தில் நடந்ததைப் பாருங்கள். காரின் முன்பக்கக் கண்ணாடியை மாற்றிக்கொடுக்கும் சேஃப்லைட் என்ற அமெரிக்க நிறுவனம், 1990-களின் நடுவில் மணிக் கணக்குச் சம்பளத்திலிருந்து ஒரு கண்ணாடிக்கு இவ்வளவு என்ற முறைக்கு மாறியது. அந்தக் கணக்குகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் எட்வர்ட் லஸியர், ஓர் ஊழியர் சராசரியாகச் செய்த வேலை 44 சதவீதம் கூடியதாக 2000-இல் வெளியிட்டார். அதில் ஏறத்தாழ பாதி, அதே ஆட்கள் முன்பைவிட அதிகம் செய்ததால் வந்தது. மீதியில் பெரும்பங்கு, கைவேகம் உள்ளவர்கள் அந்த நிறுவனத்தைத் தேடி வந்ததாலும் இருந்தவர்கள் விட்டுப் போகாததாலும் வந்தது. இன்சென்டிவ் என்பது உழைப்பைத் தூண்டுவதோடு நிற்பதில்லை; எப்படிப்பட்டவர்கள் உங்களிடம் தங்குவார்கள் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. உங்கள் சீனியர் மாற்றல் கேட்பதை இந்தக் கோணத்தில் பாருங்கள். இப்போதைய உங்கள் முறை, நிதானமாக, திரும்பி வராதபடி வேலை செய்பவரை வெளியே தள்ளுகிறது.

அந்த நிறுவனத்தின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இரண்டு விவரங்கள் உங்களுக்கு மிகவும் வேண்டியவை. மாட்டிய கண்ணாடி சரியாக அமையாமல் போனால், மாட்டியவரே தன் சொந்த நேரத்தில் அதைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும் என்று விதி இருந்தது. அதாவது எண்ணிக்கைக்குக் கொடுத்த பணத்தோடு தரத்துக்கான பொறுப்பையும் கட்டிவைத்திருந்தார்கள். இன்னொன்று, முந்தைய சம்பள அளவுக்குக் குறையாமல் ஓர் அடிப்படை வருமானத்துக்கு உத்தரவாதமும் இருந்தது. நீங்கள் முதல் பாதியை மட்டும் கொண்டுவந்திருக்கிறீர்கள்: எண்ணிக்கைக்குப் பணம். தரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கிறது.

எனவே கணக்கு முறையை இப்படி மாற்றச் சொல்கிறேன். புகார் முடிந்த அன்றே அதை எண்ணாதீர்கள். 30 நாள் அதே பழுதுக்காகத் திரும்பி வராமல் இருந்தால் எண்ணுங்கள். திரும்பி வந்தால் முதலில் போனவரே போகட்டும், அதற்குப் புதிய எண்ணிக்கை கிடையாது. ஆனால் ஸ்பேர் கோளாறாலோ வாடிக்கையாளர் கையாண்ட விதத்தாலோ திரும்பி வந்ததை அவர் தலையில் கட்டக் கூடாது. எது அவர் பொறுப்பு, எது இல்லை என்பதை நீங்கள் ஒருவரே முடிவு செய்தால் நாளடைவில் அதுவே புதிய மனக்கசப்பாகும். டெக்னீஷியன்களே தேர்ந்தெடுக்கும் ஒருவரையும் சேர்த்து முடிவெடுங்கள். எந்த நிலையிலும் அடிப்படைச் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். சம்பளம், வேலைச் சூழல், நிறுவனத்தின் விதிகள் போன்றவை சரியாக இருந்தால் பெரிய உற்சாகம் வந்துவிடாது. ஆனால் அவற்றில் குறை வந்தால் கடும் அதிருப்தி வரும் என்று ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பர்க் 1959-லேயே வாதிட்டார். அவருடைய கோட்பாட்டின் மீது பல விமர்சனங்கள் உண்டு. சம்பளத்தில் கை வைத்தால் வேறு எந்த ஊக்கமும் எடுபடாது என்ற மட்டில் நான் அவரோடு உடன்படுகிறேன்.

அடுத்தது, எல்லா வேலைக்கும் ஒரே விலை வைத்திருப்பது. வாஷிங் மெஷினின் ட்ரெயின் பைப் அடைப்பை எடுப்பதும் ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் மாற்றுவதும் உங்கள் கணக்கில் தலா ஒன்று. அப்படியிருந்தால் எளிய கால்களை (புகார் அழைப்புகளை) பொறுக்கி எடுக்கத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அப்படிப் பார்ப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எதற்குப் பணம் என்று நீங்கள் அறிவித்தீர்களோ அதைத்தான் செய்கிறார்கள். ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்குப் பரிசு கொடுப்பது நிறுவனங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் அபத்தம் என்று 1975-இல் ஸ்டீவன் கெர் எழுதினார். இன்றுவரை மேலாளர்கள் படிக்கும் கட்டுரை அது. பழைய பதிவுகளிலிருந்து ஒவ்வொரு வகைப் பழுதுக்கும் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது என்று எடுத்து, அதற்கேற்பப் புள்ளி வையுங்கள். மிகத் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு படிநிலை போதும். இதைச் செய்த மாதமே உங்கள் சீனியரின் இடம் பட்டியலில் மேலே ஏறும் என்று எதிர்பார்க்கிறேன்.

முடியாத வேலையை ‘முடிந்தது’ என்று பதிவு செய்வதைச் சிறிய விஷயமாக நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் விற்பனை டார்கெட்டின் அழுத்தம் தாங்காமல் ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தது 2016-இல் அம்பலமானது. வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம். ஏறத்தாழ 5,300 பேர் வேலை இழந்தார்கள். அத்தனை பேரும் பிறவியிலேயே ஏமாற்றுக்காரர்களாக இருந்திருக்க முடியாது. உங்கள் பிரிவில் இதைத் தடுக்க எளிய வழி, முடிந்தது என்ற பதிவு வாடிக்கையாளரின் ஒப்புதலோடு மட்டுமே ஏறும்படி செய்வது. அவர் கைபேசிக்குப் போகும் ஓ.டி.பி.யைச் சொன்னால்தான் புகார் மூடும் என்று வைத்துவிடலாம். இதுவரை நடந்ததற்காக யாரையும் தண்டிக்கும் படலத்தைத் தொடங்காதீர்கள். இந்தத் தேதியிலிருந்து புதிய விதி, இதற்குப் பிறகு பொய்ப் பதிவு என்றால் நடவடிக்கை என்று தெளிவாகச் சொன்னால் போதும்.

தொகையைக் கூட்டினால் தரமும் கூடும் என்று உங்கள் நிர்வாகம் நினைப்பது இயல்புதான். ஆனால் 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து கிறிஸ்டோபர் செராசோலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2014-இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருக்கிறது. எவ்வளவு செய்கிறார்கள் என்பதைப் பணம் போன்ற வெளிப் பரிசுகள் அதிகம் காட்டுகின்றன. எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள் என்பதை அந்த வேலையின் மீது அவர்களுக்கே உள்ள ஈடுபாடுதான் அதிகம் காட்டுகிறது. பரிசு மிகப் பெரிதானால் எதிர்விளைவும் உண்டு. டான் ஏரியலியும் பிறரும் இந்தியக் கிராமப்புறத்தில் நடத்தி 2009-இல் வெளியிட்ட சோதனையில், மிகப் பெரிய தொகை அறிவிக்கப்பட்டவர்கள்தான் மற்றவர்களைவிட மோசமாக ஆடினார்கள். கவனமும் நினைவாற்றலும் தேவைப்படும் விளையாட்டுகள் அவை. பணத்தின் மேல் கண் போனதும் கை நடுங்கியது. பழுதைக் கண்டுபிடிப்பதும் தலையால் செய்யும் வேலை. ஸ்க்ரூ முடுக்குவது போன்றதல்ல.

பயிற்சி பெறுபவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களுக்கு வைத்த டார்கெட்டை உடனே எடுத்துவிடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அமெரிக்க விமானப்படையில் புதிதாகச் சேர்ந்தவர்களை வைத்து ரூத் கான்ஃபரும் ஃபிலிப் ஆக்கர்மனும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் வேலையைக் கணினியில் கற்றுக்கொள்ளச் செய்தார்கள். கற்கத் தொடங்கிய கட்டத்திலேயே இலக்கு கொடுத்தபோது அது இடையூறாகவே அமைந்தது. ஓரளவு கை பழகிய பிறகு கொடுத்த இலக்கு உதவியது. காரணம் எளிது: புதிய வேலையைக் கற்கும்போது முழுக் கவனமும் வேலைக்கே தேவைப்படுகிறது; ‘இன்று எத்தனை முடித்தோம்’ என்ற எண்ணம் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. புதியவர்களுக்கு முதல் சில மாதம் வேறு வகை இலக்கு வையுங்கள். எத்தனை முடிக்க வேண்டும் என்று சொல்லாமல், எதைக் கற்க வேண்டும் என்று சொல்லுங்கள்: இந்த மாதத்துக்குள் பிரஷர் டெஸ்ட்டை யாருடைய உதவியும் இல்லாமல் செய்து காட்ட வேண்டும், அடுத்த மாதத்துக்குள் இன்ன இன்ன எரர் கோடுக்கு எந்தெந்தப் பாகத்தைச் சோதிப்பது என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் அவர்களுக்குப் புள்ளிக் கணக்கு வேண்டாம். ஒரு நிலையான சிறு தொகை போதும்.

இப்போது சீனியர். அவருடைய வருத்தம் பேராசையால் வந்ததல்ல. தன் உழைப்பையும் பலனையும் பக்கத்தில் இருப்பவரின் உழைப்போடும் பலனோடும் ஒப்பிட்டுப் பார்க்காத ஊழியர் எங்கும் இல்லை. ஜான் ஸ்டேசி ஆடம்ஸ் 1960-களில் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். கணக்கு சரியாக வரவில்லை என்று தோன்றினால் ஒருவர் உழைப்பைக் குறைப்பார், அல்லது இடத்தையே விட்டுப் போவார். உங்கள் சீனியர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், அதையும் நேர்மையாக உங்களிடமே வந்து சொல்லியிருக்கிறார். கடினமான கால்களை எல்லாம் அவரிடம் அனுப்பிவிட்டு, எளிய கால்களுக்கு ஓடியவர்களோடு ஒரே கோலால் அளந்தது நியாயமல்ல. இதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள், நிர்வாகத்தின் சார்பில், நேரில். புதிய கணக்கு வருவதற்கு முன்பே சொல்லுங்கள்.

அவரைச் சூப்பர்வைசர் ஆக்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். கைத்திறன் உள்ளவருக்கு ஆட்களை நிர்வகிக்கும் திறன் தானாக இருந்துவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை. ஆலன் பென்சன், டானியெல் லீ, கெல்லி ஷூ ஆகியோர் விற்பனை ஊழியர்களைப் பற்றி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், விற்பனையில் சிறந்தவர்களுக்கே பதவி உயர்வு போனது. ஆனால் முன்பு அதிகம் விற்றவர்கள் மேலாளரான பிறகு அவர்களுக்குக் கீழிருந்தவர்களின் விற்பனை பொதுவாகப் பின்தங்கியது. உங்களுக்கு நேரப்போவது இரட்டை இழப்பு: சிறந்த டெக்னீஷியன் ஒருவர் போவார், தடுமாறும் சூப்பர்வைசர் ஒருவர் வருவார். பதவி மாறாமலே உயர வழி செய்வதுதான் சரியான மரியாதை. நிறுவனத்தில் ‘தலைமை டெக்னீஷியன்’ என்று ஒரு நிலையை உருவாக்கி, அதற்குச் சூப்பர்வைசருக்கு நிகரான சம்பளம் கொடுக்கலாம். அவருக்கே ஆட்களை நடத்துவதில் விருப்பம் இருந்தால், பயிற்சி பெறும் இரண்டு பேரை அவரிடம் விட்டுச் சில மாதம் பார்த்த பிறகு பேசலாம்.

திறமைக்கே சம்பளம் என்ற முறையையும் யோசித்துப் பாருங்கள். பிரையன் முர்ரேயும் பேரி கெர்ஹார்ட்டும் 1998-இல் ஓர் உதிரி பாகத் தொழிற்சாலையைப் பற்றி எழுதினார்கள். புதிய திறன் ஒன்றைக் கற்றுத் தேறினால் சம்பளம் கூடும் என்ற முறை அங்கே வந்தது. அம்முறை இல்லாத, ஒப்பிடத்தக்க இன்னொரு ஆலையோடு வைத்துப் பார்த்தபோது உற்பத்தித்திறன் 58 சதவீதம் கூடுதலாகவும், கழிவாகும் பொருள் 82 சதவீதம் குறைவாகவும் இருந்தன. ஒரே ஓர் ஆலையின் அனுபவம் என்பதால் அந்த எண்களை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் உங்கள் நிர்வாகம் திறமை, வெகுமதி என்று இரண்டு தனித்தனிச் செலவுகளாகப் பார்ப்பதை ஒன்றாக இணைக்கும் வழி இது. கேஸ் வேலை, போர்டு வேலை, இன்வெர்ட்டர் மாடல் என்று நான்கைந்து பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் செய்து காட்டித் தேறியவருக்கு மாதந்தோறும் ஒரு படி என்று வைக்கலாம். எழுத்துத் தேர்வு வேண்டாம். இயந்திரத்தை முன்னால் வைத்து, பழுதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பயிற்சியை எப்படி நடத்துவது என்பதில் ஒரே ஒரு யோசனை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அனுபவமில்லாத லட்சக்கணக்கானவர்களை அமெரிக்கத் தொழிற்சாலைகளில் விரைவாகப் பழக்க வேண்டியிருந்தது. அப்போது மேற்பார்வையாளர்களுக்குக் கொடுத்த சிறு அட்டையில் நான்கு படிகள்தான் இருந்தன: கற்பவரை ஆயத்தப்படுத்து, செய்து காட்டு, அவரைச் செய்யச் சொல்லிப் பார், பிறகு தொடர்ந்து கவனி. கடைசியில் ஒரு வரி: தொழிலாளி கற்கவில்லை என்றால் கற்பிப்பவர் கற்பிக்கவில்லை. முதல் குவியலில் வந்தவர்களுக்கு மட்டும், அவரவருக்குத் தெரியாத அந்த ஒரு வேலையில் மட்டும், சீனியர்களைக் கொண்டே இப்படிக் கற்றுக்கொடுங்கள். கற்பிக்கும் நேரத்துக்குச் சீனியருக்குப் புள்ளி உண்டு என்று எழுத்தில் வையுங்கள். அது இல்லையென்றால், சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர் கைக்காசு போவதாகவே முடியும். ஒதுக்கிய தொகையில் பெரும்பங்கு இதற்கும், பயிற்சி இயந்திரங்கள், கருவிகளுக்கும் போகட்டும்.

வாட்ஸ்அப் பட்டியலை நிறுத்திவிடுங்கள். செயல்பாட்டைப் பற்றிய கருத்தை ஊழியரிடம் சொன்னால் எப்போதும் நல்லதுதான் நடக்கும் என்பது தவறு. அவ்ராஹாம் க்ளூகரும் ஆஞ்சலோ டெனிஸியும் 1996-இல் நூற்றுக்கணக்கான ஒப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியில் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் செயல்பாடு குறைந்திருந்தது. சொல்லும் கருத்து வேலையிலிருந்து விலகி ஆளின் மதிப்பைத் தொடும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். பட்டியலில் 24-ஆவது இடம் என்று தெரிவதால் ஒருவருக்குப் பிரேசிங் வந்துவிடாது, அவமானம் மட்டும்தான் மிஞ்சும். அவருடைய திரும்பி வந்த கால்களை அவரிடம் மட்டும், வாரம் ஒருமுறை காட்டுங்கள். எதில் தவறியது, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்பதோடு பேச்சு முடியட்டும்.

பழைய முறையிலிருந்து புதியதுக்கு ஒரே நாளில் தாவாதீர்கள். ஆறு மாதமாக வரும் பணம் பலர் வீட்டு வரவு செலவில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். கடன் தவணைகூட அதை நம்பிப் போட்டிருப்பார்கள். முதல் மூன்று மாதம், அவரவர் வாங்கிவந்த சராசரித் தொகைக்குக் குறையாது என்று உறுதி கொடுத்துவிட்டுப் புதிய கணக்கை ஓடவிடுங்கள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினால், தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று அவர்களுக்கே தெரியும். சிலர் உங்களை எதிர்ப்பார்கள், குறிப்பாக எளிய கால்களில் சம்பாதித்துவந்தவர்கள். அவர்களில் நல்ல திறமைசாலிகளும் இருப்பார்கள். கடினமான கால்களையும் அவர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். கற்றுக்கொண்டவர்கள் பழைய வருமானத்தைத் தாண்டிப் போக முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போவதற்கு முன், ஸ்டோருக்கு ஒருமுறை போய்வாருங்கள். எந்த ஸ்பேர் எத்தனை நாள் தாமதமாக வருகிறது, அதனால் எத்தனை வீட்டுக்கு இரண்டு முறை போக வேண்டியிருந்தது என்ற கணக்கைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது குவியல் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். அப்படி இருந்தால், ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை முதலில் அதற்குக் கேளுங்கள். பயிற்சி ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

அன்புடன்,
நிறுவன உளவியல் ஆலோசகர்